தோரணத்தில் ஓடிய ஆறு

தெல்கஹவத்தைச் சந்தியில் மின்விசிறி, தண்ணீர் மோட்டார், மாவு அரைக்கும் மெஷின் எது எரிந்துபோனாலும் நிமல்சிரியின் கடைக்குத்தான் வரும். பலகையில் இருப்பது அவன் பெயர். மோட்டாரைக் கழற்றுவதும் திரும்பப் பூட்டுவதும் அவன் வேலை. ஆனால் உள்ளே கருகிக் கிடக்கும் சுருளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதே எண்ணிக்கையில் புதுச் செம்புக் கம்பியைச் சுற்றி, நாடாவால் கட்டி, வார்னிஷ் ஊற்றி உயிர் கொடுப்பது அவன் மனைவி தயானி. இருபத்திரண்டு வருஷமாகச் சுற்றுகிறாள். கம்பியைப் பிடித்துப் பிடித்து அவளுடைய வலது ஆள்காட்டி விரலில் ஒரு பள்ளமே விழுந்துவிட்டது.

அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டென்று ஊர் சொல்லும். ஊருக்கு என்ன தெரியும்? கையில் வேலை இல்லாத நேரத்தில் அவள் சும்மா இருக்கமாட்டாள், அவ்வளவுதான். பழைய தையல் மெஷின் மோட்டாரை வைத்து ஒருமுறை தேங்காய் துருவி செய்தாள். துருவல் பாத்திரத்தில் விழாமல் கூரையில் போய் ஒட்டியது. மூன்று நாள் நிமல்சிரி அண்ணாந்து பார்த்தபடியே சோறு தின்றான். இன்னொரு முறை குண்டு பல்பு வைத்து முட்டை பொரிக்கும் பெட்டி செய்தாள். இருபது முட்டையில் பதினெட்டு பொரித்தது. அந்தப் பதினெட்டுக் குஞ்சைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. தேங்காய் துருவியைப் பற்றி மட்டும் பத்து வருஷமாகப் பேசுகிறார்கள்.

புத்தர் பிறந்த நாளான வெசாக் பௌர்ணமிக்கு ஒருமுறை அவள் வீட்டு வாசலில் தொங்கிய காகித விளக்குக் கூடு தானாகச் சுழன்று, தாமரை இதழாக விரிந்து மூடியது. சுற்று வட்டாரமே வந்து பார்த்தது. "நிமல்சிரிக்கு அபாரமான கை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"எனக்கு ஸ்குரூ முடுக்கத்தான் தெரியும். செஞ்சது இவ" என்று அவன் ஒவ்வொருத்தரிடமும் சொல்லிப் பார்த்தான். யார் காதிலும் ஏறவில்லை. தயானிக்கு அது வலித்தது. வெளியே சிரித்தாலும் வலிக்கத்தான் செய்தது.

இந்த நிலையில்தான் அந்த வருஷத்துத் தோரணப் பேச்சு வந்தது. தெல்கஹவத்தைத் தோரணம் என்றால் மாவிலைத் தோரணம் இல்லை. நாற்பதடி உயரத்துக்குக் கமுகுமரச் சட்டம் கட்டி, அதன் முகப்பில் புத்தர் காலத்துக் கதை ஒன்றைப் பலகை பலகையாகப் படம் எழுதி நிறுத்தி, எல்லாவற்றையும் சுற்றி நாலாயிரம் வண்ண பல்புகளை ஓடவிடுவார்கள். பல்புகளை ஓடவிடுவது பின்னாலிருக்கும் ஒரு பெரிய மரப்பீப்பாய். அதன்மேல் செம்புத் தகடுகளை வெட்டி ஒட்டியிருக்கும். பீப்பாய் சுழலும்போது, அதை உரசிக்கொண்டு நிற்கும் செம்பு நாக்குகள் தகட்டைத் தொட்டால் பல்பு எரியும், தகடு இல்லாத இடத்தில் அணையும். தகட்டை எப்படி வெட்டுகிறோமோ அப்படி வெளிச்சம் ஆடும்.

மாசி மாதத்தில் விகாரையின் பிரசங்க மண்டபத்தில் தோரணச் சங்கக் கூட்டம் நடந்தது. செயலாளர் லயனல், சந்தியில் இரும்புக்கடை வைத்திருப்பவர், எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தார்.

"போன வருஷம் பீப்பாய் ரெண்டு தடவை புகைஞ்சு நின்னுச்சு. பக்கத்து ஊர்க்காரன் சிரிச்சான். அதனால இந்த வருஷம் கொழும்புலேர்ந்து செஞ்ச தோரணத்தையே வாடகைக்கு எடுத்துடலாம். கம்ப்யூட்டர் பாத்துக்கும். நமக்குத் தலைவலி இல்ல."

வாடகைக்கு எடுத்த தோரணம் தன் ஊரில் நிற்பதை நினைத்ததும் தயானிக்குப் பொறுக்கவில்லை. பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து எழுந்துவிட்டாள்.

"பீப்பாயை நான் செய்றேன், மாத்தயா," என்றாள் லயனலிடம், மரியாதை குறையாமல்.

"நீயா? துருவல் எங்க போய் ஒட்டும், விகாரைக் கூரையிலயா?" என்றார் லயனல்.

மண்டபமே சிரித்தது. பிக்கு மட்டும் சிரிப்பை விசிறிக்குப் பின்னால் ஒளித்தார்.

"ஒட்டினா நானே ஏறித் துடைக்கிறேன்," என்றாள் தயானி. "இந்த வருஷம் படாசாரா கதைதானே எழுதப் போறீங்க? அந்த வெள்ளத்தை வெளிச்சத்துலயே ஓட வச்சுக் காட்டுறேன்."

படாசாரா கதை அந்த ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். புருஷனைப் பாம்புக்குப் பறிகொடுத்தவள், இரண்டு பிள்ளைகளோடு வெள்ளம் போகும் ஆற்றைக் கடக்கிறாள். கைக்குழந்தையை அக்கரையில் விட்டுவிட்டு நடு ஆற்றுக்குத் திரும்பும்போது பருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறது. மூத்தவனை ஆறு கொண்டுபோகிறது. பித்துப்பிடித்து அலைந்தவள் கடைசியில் புத்தரின் காலடியில் வந்து ஆறுதல் அடைகிறாள்.

லயனல் யோசித்தார். கெட்ட மனிதர் இல்லை, கேலிக்குப் பயந்த மனிதர். "சரி. ஒரு வருஷம். பிக்கு முன்னாடி சொல்றேன், வெசாக் அன்னிக்கு ஏதாவது கோளாறுன்னா, அடுத்த வருஷத்துலேர்ந்து வாடகைதான். நீயும் தோரணத்துப் பக்கம் வரக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம்."

வீட்டுக்கு வரும் வழியில் நிமல்சிரி தோரணம் நிற்கும் மைதானத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு, "வெள்ளத்தை எப்படி ஓட வைக்கப் போற?" என்று கேட்டான்.

"தெரியாது."

"தெரியாமயா சம்மதிச்ச?"

"தெரிஞ்சா அதுல செய்றதுக்கு என்ன இருக்கு?"

முதல் மாதம் முழுக்க வீண். சமமான இடைவெளியில் சாய்வாகத் தகடு ஒட்டி, கடைக்குப் பின்னால் சின்னப் பீப்பாய் ஒன்றில் சுழற்றிப் பார்த்தாள். பல்பு ஓடியது, ஆனால் ஆறு ஓடவில்லை. சர்க்கரைப் பானைக்கு எறும்பு போகிற மாதிரி இருந்தது. இடைவெளியைக் குறைத்தாள். எறும்பு வேகமாகப் போனது. தகட்டை உரித்து ஒட்டி உரித்து ஒட்டி அலுத்துப்போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை அழுக்குத் துணியை மூட்டை கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனாள்.

துவைக்கும்போது சோப்பு நுரை ஒன்று கையைவிட்டுப் போனது. போனதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். நுரை ஓடியது. ஒரு கல்லுக்குப் பின்னால் போய் நின்றது. பின்னால் திரும்பி வந்தது, தயங்கியது, பிறகு யாரோ கூப்பிட்டதுபோல் ஒரே ஓட்டமாக ஓடியது. தயானி அடுத்த நுரையை விட்டாள். அதுவும் அப்படியே. தண்ணீர் ஒரே சீராக ஓடுவதில்லை. மெல்லத் திரண்டு வந்து, சட்டென்று விட்டு, மறுபடி திரள்கிறது. நாற்பத்தாறு வருஷம் அதே ஆற்றில் குளித்தவளுக்கு அன்றைக்குத்தான் அது கண்ணில் பட்டது. சந்தோஷத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போனது.

அடுத்த மூன்று ஞாயிறும் பென்சிலும் நோட்டுமாகப் போய், படித்துறையில் முழங்காலளவு தண்ணீரில் நின்று, உள்ளங்கையில் தாளம் தட்டி எண்ணினாள். மூன்று எண்ணிக்கைக்குத் திரளும், ஒன்றுக்கு விடும், இரண்டுக்குத் தயங்கும். மூன்றாவது ஞாயிறு குளிக்க வந்த பெண்களும் சாரத்தை மடித்துக் கட்டிய இரண்டு ஆண்களும் அவளோடு தண்ணீரில் இறங்கித் துழாவிக்கொண்டிருந்தார்கள்.

"எந்த இடத்துல விழுந்துச்சு அக்கா? சங்கிலியா, தோடா?"

"ஒண்ணும் விழல. தண்ணி எண்ணுறேன்."

துழாவியவர்கள் நிமிர்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று மாலையே அந்தச் செய்தி லயனலின் இரும்புக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆனால் பீப்பாய் உருவானது. ஆற்றுக்கு இருபத்து நாலு வரிசை பல்பு, இருபத்து நாலு கம்பி, இருபத்து நாலு தகடு. ஒரு தகடுகூட இன்னொன்றைப்போல் இல்லை. எல்லாம் அவள் நோட்டில் எண்ணியபடி வெட்டியவை. பலகையில் படாசாரா நடு ஆற்றில் நின்றதால் அந்த இடத்தில் தண்ணீர் தயங்கிச் சுழிக்கும்படி செய்தாள். பீப்பாயைச் சுற்றும் மோட்டாரையும் தானே புதிதாகச் சுற்றினாள்.

அதே பீப்பாயில் ஒரு ஓரம் பியதிலக்கவுக்கு. அவர் ஊரின் மின்வேலைக்காரர். தோரணத்தின் உச்சியில் புத்தரின் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் சுழல்வது முப்பது வருஷமாக அவர் பொறுப்பு. அதற்கு மூன்றே கம்பி. ஒன்று, இரண்டு, மூன்று என்று மாறி மாறி எரியும், வட்டம் வலப்பக்கமாகச் சுழலும். விகாரையை வலம் வருகிற மாதிரி வலப்பக்கமாகத்தான் சுழல வேண்டும். அதில் அவர் ஒரு நூல் விட்டுக்கொடுக்கமாட்டார்.

வெசாக்குக்கு முந்திய வாரம் விடாமல் மழை. கம்பிகளை அளந்து வெட்டி, பின்னி, ஒவ்வொரு இணைப்பையும் தார் பூசி மூடினார்கள். வரிசை வரிசையாகத் தனித்தனியே எரியவிட்டுப் பார்த்தார்கள், எல்லாம் சரி. முழுத் தோரணத்தையும் எரியவிடும் அளவுக்கு மின்சாரம் வெசாக் அன்று பிற்பகல் மூன்று மணிக்குத்தான் வந்தது. ஏழு மணிக்குப் பிக்கு வந்து விசையைத் தட்ட வேண்டும். வானம் இருட்டிக்கொண்டிருந்ததால் பகலிலேயே வெளிச்சம் தெரிந்தது.

தயானி பின்னால் பீப்பாயருகே நின்று விசையைப் போட்டாள். நாக்குகள் சடசடவென்று பேசின. நீலமும் வெள்ளையுமாக ஆறு ஓடியது. தயங்கியது, திரண்டது, ஓடியது. நிமல்சிரி அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். முன்பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. கைதட்டல் இல்லை.

லயனல் சுற்றிக்கொண்டு வந்தார். வெள்ளை உடுத்து, காலையிலிருந்து நோன்பாகச் சீலம் காக்கிறவர், கோபப்படக் கூடாது. பட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"தங்கச்சி, முன்னாடி வந்து பாரு. பிள்ளை வெள்ளத்துல எதிர்த்து நீந்திப் போறான்."

தயானி முன்னால் ஓடினாள். பலகையில் ஆறு வலமிருந்து இடமாகப் போகிறது. மூத்த பிள்ளை இடப்பக்கம் கையை நீட்டிக்கொண்டு அடித்துச் செல்லப்படுகிறான். வெளிச்சத் தண்ணீரோ இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருந்தது. வாரக்கணக்கில் தோரணத்துக்குப் பின்னால் நின்று வேலை பார்த்தவள், பின்னாலிருந்து பார்த்த வலதை முன்பக்கத்துக்கும் வலது என்றே வைத்து எண் போட்டுவிட்டாள். ஆற்றை எண்ணத் தெரிந்தவளுக்கு இது தோன்றவில்லை. 

"இருபத்தி நாலு கம்பியையும் மாத்திப் போட முடியாதா?" என்று லயனல் கேட்டார்.

பியதிலக்க தலையை ஆட்டினார். "தாரை உரிக்கணும், அவிழ்க்கணும், பாதிக் கம்பி நீளம் பத்தாது. ரெண்டு நாள் வேலை."

"மோட்டாரைத் திருப்பிச் சுத்தவிட்டா?" என்றான் நிமல்சிரி. "ரெண்டு கம்பியை மாத்தினா போதும், பீப்பாய் எதிர்ப்பக்கமா சுத்தும். ஆறும் திரும்பிடும்."

"ஒளிவட்டமும் திரும்பிடும்," என்றார் பியதிலக்க. "ரெண்டும் ஒரே பீப்பாய்தானே. பெருமான் தலைக்குப் பின்னாடி இடப்பக்கமா சுத்தவிடுவியா? சொல்லு, விடுவியா?"

நின்றிருந்தவர்கள் தங்களையறியாமல் கைகூப்பினார்கள். அந்த அபசகுனத்துக்கு யாருக்கும் துணிவில்லை.

லயனல் பெருமூச்சு விட்டார். "அப்ப ஒண்ணுதான் வழி. ஆத்தை அணைச்சிடுவோம். மத்ததெல்லாம் எரியட்டும். கேட்டா பல்பு பத்தலன்னு சொல்லிக்கலாம். தங்கச்சி, நம்ம பேச்சு ஞாபகம் இருக்குல்ல?"

இருந்தது. தயானி பின்னால் போய்ப் பீப்பாய்க்குக் கீழே ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக வீட்டுக்கு வெளியே, ஊருக்காக ஒன்று செய்தாள். அது இருட்டாக நிற்கப் போகிறது. ஊர் இனி அவளுடைய தேங்காய் துருவியை மறந்து இதைப் பேசும். இருபது வருஷம் பேசும். அவள் வாய்விட்டு அழுதாள். நிமல்சிரி கருப்பட்டித் துண்டோடு வெறுந்தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

தேநீரைக் குடித்தபடி அண்ணாந்தாள். பீப்பாயின் ஓரத்திலிருந்து பியதிலக்கவின் மூன்று கம்பிகள் மேலே போயின. சிவப்பு, மஞ்சள், நீலம். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்று, இரண்டு, மூன்று. அவள் வாயருகே இருந்த குவளை அப்படியே நின்றது.

தினமும் மோட்டாருக்குள் அவள் செய்வதும் இதைத்தானே. மூன்று சுருள், ஒன்றன்பின் ஒன்றாகக் காந்தம் ஏறும். அந்தக் காந்தம் வட்டமாகச் சுழல்வதால்தான் மோட்டார் சுழல்கிறது. அங்கே கண்ணுக்குத் தெரியாமல் சுழல்வது இங்கே வெளிச்சமாகச் சுழல்கிறது. அப்படியென்றால் ஒளிவட்டமும் ஒரு மோட்டார். மோட்டாரில் மூன்றில் இரண்டை மாற்றினால் சுற்று திரும்பும். இதிலும் திரும்பும்.

"நிமல்," என்றாள் மெதுவாக, "ஒளிவட்டம் ஒரு மோட்டார்."

"அழுதது போதும், கொஞ்சம் சாப்பிடு."

"கேளு. பீப்பாயைத் திருப்பிச் சுத்தவிடுவோம். ஆறு சரியாயிடும். ஒளிவட்டம் தப்பாயிடும். அதோட மூணு கம்பில ரெண்டை மாத்திப் போடுவோம். அது மறுபடி வலப்பக்கமாயிடும். மொத்தம் நாலு கம்பி."

நிமல்சிரி ஒரு நிமிடம் விரலை மடக்கிப் பார்த்தான். பிறகு, "பியதிலக்க அண்ணே," என்று தோரணமே அதிரக் கத்தினான்.

பியதிலக்க முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. முப்பது வருஷமாகத் தொடாத கம்பி. தயானி ஒரு காகிதத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வட்டமாக எழுதி, விரலால் திருப்பித் தொட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் தொட்டுப் பார்த்தார்.

"முப்பது வருஷமா இதைச் சுத்த வைக்கிறேன். ஏன் சுத்துதுன்னு இன்னிக்குத்தான் தெரியுது," என்றார். அதைச் சொல்ல ஒரு பெரிய மனசு வேண்டும்.

ஒரு சிக்கல் பாக்கியிருந்தது. செம்பு நாக்குகள் பீப்பாய் போகும் திசைக்குச் சாய்ந்திருந்தன. திருப்பிச் சுற்றினால் தகட்டைக் குத்திக் கிழித்துவிடும். இருபத்தேழு நாக்கையும் எதிர்ப்பக்கம் வளைக்க வேண்டும், ஒன்றுகூட முறியாமல். மணி ஐந்தேகால். நிமல்சிரி, பியதிலக்க, பலகையில் படம் எழுதியவர், எல்லோரும் ஆளுக்கொரு குறட்டோடு குந்தினார்கள். கடைசியில் லயனலும் வெள்ளைச் சாரம் அழுக்காவதைப் பார்க்காமல் வந்து உட்கார்ந்தார்.

"இரும்புக்கடைக்காரனுக்கு வளைக்கத் தெரியாதா? குடு இங்க."

"மெதுவா மாத்தயா. இது செம்பு, கம்பிவேலி இல்ல," என்றாள் தயானி. அவர் முறைத்தார், ஆனால் மெதுவாகத்தான் வளைத்தார்.

ஆறே முக்காலுக்குக் கடைசி நாக்கு முடிந்தது. சோதித்துப் பார்க்க நேரமில்லை. மைதானம் நிறைந்துவிட்டது. வெள்ளை வெள்ளையாக ஜனம். முன்வரிசையில் பாய்விரித்து உட்கார்ந்தவர்கள் கையில் தானப் பந்தலில் வாங்கிய மரவள்ளிக் கிழங்கு. மேளம் முழங்கப் பிக்கு வந்தார். மூன்று முறை 'சாது' என்று வாழ்த்திவிட்டு விசையைத் தட்டினார்.

தயானி பீப்பாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாக்குகள் சறுக்கின, குத்தவில்லை. மேலே பியதிலக்கவின் குரல் ஏணியிலிருந்து கேட்டது: "வலப்பக்கம். வலப்பக்கந்தான்." ஒலிபெருக்கியில் கவி பாடுபவர் படாசாரா ஆற்றில் இறங்கிய கதையை இழுத்துப் பாட ஆரம்பித்தார். அப்போது முன்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. கைதட்டல் இல்லை, சிரிப்பு இல்லை. நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுக்கும் சத்தம்.

தயானியின் முகம் வெளிறியது. "என்ன ஆச்சு? மறுபடி என்ன ஆச்சு?"

நிமல்சிரி எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். அவன் முகத்தில் என்ன இருந்தது என்று அவளால் படிக்க முடியவில்லை. அவளைப் பீப்பாயிடமிருந்து தள்ளிவிட்டுத் தான் அந்த இடத்தில் நின்றுகொண்டான்.

"நான் பாத்துக்கிறேன். நீ முன்னாடி போ. போய்ப் பாருடி."

கூட்டத்தின் ஓரமாக இடித்துக்கொண்டு முன்னால் போனாள். முன்வரிசைக்காரர்கள் கிழங்கை மறந்துவிட்டு, நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டிருந்தார்கள். லயனல் சாரத்தின் நுனியைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தார். அவளைப் பார்த்ததும் சட்டென்று கீழே விட்டார்.

"இதைத்தான் எண்ணினியா ஆத்துல?" என்றார். "அடுத்த வருஷம் எந்தக் கதைன்னு இப்பவே யோசிச்சு வை. கூட்டத்துல நான் கேக்கமாட்டேன், நீயே சொல்லணும்."

 அவள் அதற்குள் தோரணத்தைப் பார்த்துவிட்டாள். அவள் வெட்டிய தகட்டின்படி தண்ணீர் மெல்லத் திரண்டு சட்டென்று விட வேண்டும். பீப்பாய் திரும்பிச் சுற்றியதில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. இப்போது அது சட்டென்று பாய்ந்து வந்து, மெல்ல மெல்ல வடிந்தது. கோடைக்கால ஆற்றைத்தான் அவள் செய்திருந்தாள். முன்னால் ஓடிக்கொண்டிருந்தது மழைக்கால வெள்ளம். பெண் நடுவில் நிற்க, அவளைச் சுற்றிச் சுழித்து, பிள்ளையை அடித்துக்கொண்டு, ஊரையே கொண்டுபோகிற வெள்ளம். அது அவள் கையிலிருந்துதான் வந்தது. அவள் கைக்குத் தெரியாமலும் வந்தது. தயானிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அடுத்த அலை வலமிருந்து பாய்ந்து வந்தது. ஒவ்வொரு பல்பும் எந்தக் கம்பியில் இருக்கிறதென்று எண்ணோடு சொல்லக்கூடியவள், பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓர் அடி பின்னால் போனாள்.